கார்ன் ஸ்நேக்குக்கு அடுத்து எது? இரண்டாவது பாம்பைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் கார்ன் ஸ்நேக் என்ற நச்சில்லாத பாம்பு ஒன்று ஒன்றரை வருடம் வளர்ந்த பிறகு, இன்னொரு பாம்பு வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒண்டு காணாதோ தம்பி?" என்று கேட்டார். என்னிடம் சரியான பதில் இல்லை. முதல் பாம்பு நன்றாகச் சாப்பிட்டது, முழுசாகச் சட்டை உரித்தது, ஒருமுறைகூடக் கடித்ததில்லை. அதனால் எனக்குப் பாம்பு வளர்க்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்திருந்தது அந்த ஒரு கார்ன் ஸ்நேக்கை மட்டும்தான் என்பது, பால் பைதான் என்ற சிறிய மலைப்பாம்பு வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் புரிந்தது.

முதல் பாம்பு வாங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் படிக்கிறோம், விசாரிக்கிறோம், தொட்டியை நாலு தடவை சரிபார்க்கிறோம். இரண்டாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறோம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நான் கனடாவில் இருந்து எழுதுவதால் சட்டமும் குளிரும் இந்த ஊருக்குரியவை. மற்றவை எங்கும் பொருந்தும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பால் பைதான் என்பதில் உள்ள பாலுக்கும் குடிக்கும் பாலுக்கும் தொடர்பு இல்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த ஆங்கிலப் பெயர். மில்க் ஸ்நேக் என்று வேறொரு பாம்பு உண்டு. அது மாட்டுமடியில் பால் குடிக்கும் என்று அமெரிக்கக் குடியானவர்கள் நம்பியதால் அதற்கு அந்தப் பெயர். நம் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றும் நம்பிக்கையின் தூரத்துச் சொந்தம். எந்தப் பாம்புக்கும் பால் உணவு ஆகாது.

முதல் படி: முதல் பாம்போடு ஒரு முழு வருடம்

ஆறு மாதம் போதும் என்பவர்கள் உண்டு. நான் ஒரு வருடம் கேட்பதற்குக் காரணம் குளிர்காலம். ஜூன் மாதத்தில் சரியாக இருக்கும் தொட்டி ஜனவரியில் சரியாக இருக்காது. வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் அறைக் காற்று வறண்டுவிடும், ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். சட்டை துண்டு துண்டாக உரிவதும், வாலின் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகி நிற்பதும் அப்போதுதான் நடக்கும். ஒரு குளிர்காலத்தையாவது முதல் பாம்போடு கடந்திருக்க வேண்டும்.

உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடைசிப் பத்து உணவுகளின் தேதி, பாம்பின் எடை, சட்டை உரித்த நாட்கள் அதில் இருக்கின்றனவா? சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதா? பாம்பு ஒருமுறையாவது உணவை மறுத்து, நீங்கள் பதறாமல் வெப்பநிலையைச் சரிபார்த்து, ஒரு வாரம் விட்டு மறுபடி கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவர் பக்கத்தில் யார் என்று தெரியுமா? நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனையும் பாம்பைப் பார்ப்பதில்லை. தேவைப்படும் இரவில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றையும் உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பாம்பின் மீது ஆர்வம் குறைந்துவிட்டதால் இரண்டாவதைத் தேடுகிறீர்களா? அப்படியானால் இரண்டாவதன் மீதும் ஒரு வருடத்தில் குறையும். அதற்குப் பிறகும் அது இருபது வருடம் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது படி: சட்டம்

ரொறன்ரோவில் வளர்ந்த பிறகு 3 மீட்டருக்கு மேல் நீளும் இனங்களும் நச்சுப் பாம்புகளும் தடை. கவனியுங்கள், விதி பார்ப்பது அந்த இனம் எட்டும் நீளத்தை. இன்று இரண்டு அடி நீளம் இருக்கும் பர்மிய மலைப்பாம்புக் குட்டியும் தடைதான். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று நகரம் மாறினால் விதியும் மாறலாம், அதனால் உங்கள் நகரசபையின் இணையதளத்தில் விலங்குகள் பற்றிய விதியைப் படித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

இந்த விதிகளைத் தொந்தரவாக நினைக்கும் நண்பர்களுக்கு நான் கேம்பல்டனை நினைவூட்டுவேன். 2013 ஆகஸ்ட்டில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் அந்தச் சிறு ஊரில், செல்லப்பிராணிக் கடைக்கு மேலிருந்த குடியிருப்பில் வைத்திருந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று காற்றுக்குழாய் வழியாகத் தப்பி, உறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. பெரிய பாம்புகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஒரு பூட்டு தவறினால் என்ன ஆகும் என்பது அந்தப் பாம்பின் அளவைப் பொறுத்தது.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்ப்பதே குற்றம். மலேசியாவில் வாங்குவதற்கு முன் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் பற்றி விசாரிக்க வேண்டும். பிரிட்டனில் கார்ன் ஸ்நேக், பால் பைதான், போவா (இன்னொரு பெரிய பாம்பு வகை) எதற்கும் உரிமம் தேவையில்லை. கொடிய நச்சுப் பாம்புகளுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைக்க அனுமதிப்பதில்லை. சாரையும் மண்ணுளிப் பாம்பும் இதில் அடக்கம். சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக் விமானத்தில் வந்த பெட்டிகளுக்குள் பால் பைதான்கள் துணிப்பைகளில் அடைபட்டுக் கிடந்ததைச் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஆவணம் இல்லாமல் யாராவது விற்றால் அது எந்த வழியில் வந்தது என்று யோசியுங்கள், வாங்காதீர்கள்.

மூன்றாவது படி: இடம், மின்சாரம், எலி

இரண்டாவது பாம்பு என்றால் இரண்டாவது தட்பவெப்பத்தைப் பராமரிக்கிறோம் என்று பொருள். தொட்டி வேறு, ஹீட்டர் வேறு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேறு. ஒரு தெர்மோஸ்டாட்டில் இரண்டு ஹீட் மேட்டைச் செருகி மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவி ஒரு தொட்டியில்தான் இருக்கும். மற்றத் தொட்டி என்ன சூட்டில் இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. வயிற்றுச் செதில் வெந்துபோன பாம்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வெந்துபோகின்றன.

தொட்டியின் அளவைக் குட்டிக்குப் பார்க்காதீர்கள், வளர்ந்த பாம்புக்குப் பாருங்கள். உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிக்கொள்ள அதற்கு இடம் இருக்க வேண்டும். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் கொண்ட தொட்டி நான் கீழே சொல்லும் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுளுக்கும் போதும். அதை வைக்கும் சுவர் எது, பிளக் எது, வெயில் நேராக விழுமா என்பதை அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள்.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் இல்லை, சில இடங்களில் நாட்கணக்கில். ஒரு பாம்பைத் துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டலாம். இரண்டு என்றால் தெர்மக்கோல் பெட்டியும் வெந்நீர்ப் போத்தல்களும் முன்பே தயாராக இருக்க வேண்டும். போத்தலைத் துணியில் சுற்றிவிட்டே வையுங்கள்.

எலி விஷயம். பாம்புக்கு நாம் கொடுப்பது உறைந்த எலியை, பனி கரையவைத்து. கார்ன் ஸ்நேக் ஆயுள் முழுக்கச் சுண்டெலியோடு நின்றுவிடும். பால் பைதானும் போவாவும் வளர வளரப் பெரிய எலிக்குப் போகும். அப்போது உறைபெட்டியில் இரண்டு வகை, நாலு அளவு. எங்கள் வீட்டில் மீனும் எலியும் ஒரே உறைபெட்டியில் இருக்கக் கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சுகாதாரப்படியும் சரி. எலிகளால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும், பாம்பாலும் பரவும். நிலவறையில் ஒரு சின்ன உறைபெட்டி, எலி கரைக்கத் தனிப் பாத்திரம், சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதது, தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இதில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

நான்காவது படி: எந்த இனம்

பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: தட்பவெப்பம், உணவு, குணம், வளர்ந்த அளவு. நிறம் கடைசி. நிறத்தில் தொடங்கியவர்கள்தான் பின்னர் விற்கவும் செய்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது கார்ன் ஸ்நேக் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கில் இருந்து வந்த இனம். சூடான பக்கம் 30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 23 அல்லது 24, ஈரப்பதம் நாற்பது ஐம்பது. கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நம் தவறுகளைக் காட்டிக்கொடுக்காத பாம்போடு பழகிவிட்டு, காட்டிக்கொடுக்கும் பாம்பிடம் போகிறோம்.

பால் பைதானை எடுத்துக்கொள்வோம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா அதன் ஊர். சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் 60 அல்லது அதற்கு மேல். ஆக, கார்ன் ஸ்நேக்குக்கு நீங்கள் அமைத்த அறை பால் பைதானுக்குக் குளிரானது, வறண்டது. கார்ன் இரவெல்லாம் கண்ணாடி ஓரம் சுற்றும். பால் பைதான் பகல் முழுக்க ஒளிவிடத்துக்குள் (ஒளிந்துகொள்ள நாம் வைக்கும் பொந்து) கிடக்கும், அதுவே அதற்கு நிம்மதி. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கார்ன் ஸ்நேக் ஒரு மாதம் சாப்பிடவில்லை என்றால் ஏதோ தவறு என்று தேடத் தொடங்கலாம். வளர்ந்த பால் பைதான் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாமல் இருந்தால் அது அதன் இயல்பு.

இதுதான் எனக்குத் தெரியாமல் போனது. என் பால் பைதான் நவம்பரில் எலியை மறுத்தது. நான் கார்ன் ஸ்நேக்கின் அனுபவத்தை வைத்துக் கணக்குப் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை எலியைக் கரைத்து நீட்டினேன், ஒளிவிடத்தை மாற்றினேன், கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அதற்கு இன்னொரு பயம். கடைசியில் மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்குத் தொட்டியைத் திறக்கவே வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள் என்றார். பிப்ரவரியில் அதுவாகச் சாப்பிட்டது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போவது, அதுவரை சும்மா இருப்பது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

பால் பைதானின் ஆயுளையும் நினைவில் வையுங்கள். வீட்டில் 20, 30 வருடம் சாதாரணம். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த பெண் பால் பைதான் ஒன்று, 60 வயதைத் தாண்டிய பிறகு 2020-இல், ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டது. முப்பது வயதில் வாங்குகிறவர் அறுபது வயதிலும் எலி கரைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கார்னுக்குப் பிறகு மனச்சுமை இல்லாத தேர்வு வேண்டுமென்றால் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக். அதே வெப்பநிலை, அதே சுண்டெலி, மூன்று நாலு அடி. குணம் மட்டும் வேறு. எது அசைந்தாலும் உணவு என்று பார்க்கும். எலியின் வாசனை கையில் இருந்தால் விரலைப் பிடித்து மென்றுகொண்டே இருக்கும். காட்டில் மற்றப் பாம்புகளை, கிலுகிலுப்பைப் பாம்பைக்கூட, விழுங்கும் இனம் இது. இடுக்கி வைத்து உணவு கொடுப்பதும், பாம்பைத் தூக்குவதற்கு முன் கொக்கியால் மெதுவாகத் தொட்டு இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று உணர்த்துவதும் இதனிடம் கட்டாயமாகும். நல்ல பழக்கங்களைக் கற்றுத்தரும் பாம்பு என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும். தப்பவிடாதீர்கள். ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில், வளர்ப்பில் இருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குகள் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரும் பல்லியைப் பல இடங்களில் ஏறக்குறைய துடைத்துவிட்டன.

மில்க் ஸ்நேக்குகளும் இதே குடும்பம். குட்டியில் படபடப்பு அதிகம், கையில் நிற்காது. பார்த்து ரசிக்கப் போதும் என்பவருக்கு நல்லது.

வெஸ்டர்ன் ஹோக்னோஸ் இப்போது எல்லோரும் கேட்கும் பாம்பு. மேல்நோக்கி வளைந்த மூக்கு, குட்டையான தடித்த உடம்பு, கழுத்தை விரித்துச் சீறி, மூடிய வாயால் முட்டி, அதுவும் பலிக்கவில்லை என்றால் மல்லாந்து விழுந்து செத்ததுபோல நடிக்கும். ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, இதற்கு வாயின் பின்பக்கம் நீண்ட பற்களும் மென்மையான நச்சும் உண்டு. பிடித்து மென்றால் கை வீங்கும், சிலருக்கு அதிகமாகவே வீங்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் வைக்க மாட்டேன், நகரசபை விதியிலும் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, காட்டில் தேரை தின்னும் இனம் என்பதால் குட்டிகள் எலியை மறுத்து அடம்பிடிக்கும். எலியை ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்ற பதிவு இல்லாத குட்டியை வாங்க வேண்டாம். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் காட்டில் வாழும் ஈஸ்டர்ன் ஹோக்னோஸ் சட்டப் பாதுகாப்பில் உள்ள வேறு இனம், அதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

இடம் குறைவு என்றால் கென்ய மணல் போவா. ஆண் ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது, பெண் இரண்டரை அடி வரும். ஆகவே ஆணா பெண்ணா என்று கேட்டே வாங்க வேண்டும். வறண்ட சூழல், சிறிய தொட்டி, எளிய உணவு. பெரும்பாலான நேரம் மண்ணுக்குள்ளேயே இருக்கும், கண்கள் மட்டும் மேலே தெரியும். நம் ஊர் மண்ணுளிப் பாம்பின் நெருங்கிய உறவு இது. இரண்டு தலை, லட்சக்கணக்கில் விலை, அதிர்ஷ்டம் என்று சொல்லி மண்ணுளியைக் கடத்துகிற கும்பல்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். வால் தலை போல மழுங்கியிருப்பதைத் தவிர அந்தக் கதையில் உண்மை எதுவும் இல்லை.

முதல் பாம்பு பால் பைதான் என்றால் எதிர்த்திசையில் யோசியுங்கள். கார்ன் ஸ்நேக் உங்களுக்கு விடுமுறை போல இருக்கும். மலைப்பாம்பின் முகம்தான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் சில்ட்ரன்ஸ் பைதான் இருக்கிறது: மூன்று அடி சொச்சம், நன்றாகச் சாப்பிடும், ஈரப்பதத்துக்கு அடம்பிடிக்காது.

போவாவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெண் ஆறு முதல் எட்டு அடி வரும், தொட்டியும் அதே கணக்கில் வளரும். அமைதியான, புத்திசாலியான பாம்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஆறு அடிக்கு மேற்பட்ட பாம்பைக் கையாளும்போது கூட இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் வீட்டில் இல்லையென்றால் இரண்டாவதாக இது வேண்டாம். பர்மிய, ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புகள் இரண்டாவதாகவும் வேண்டாம், மூன்றாவதாகவும் வேண்டாம். பச்சை மர மலைப்பாம்பும் பிரேசிலிய ரெயின்போ போவாவும் ஈரப்பதத்தில் சிறு தவறையும் தாங்காதவை, சில வருடங்கள் போகட்டும்.

நிறம் என்றால் ஒன்று மட்டும். பால் பைதானில் ஸ்பைடர் என்ற நிற வகையைத் தரும் மரபணுவே நரம்புக் கோளாறையும் தருகிறது. தலை ஆடும், திருகும், சில பாம்புகள் எலியைக் குறிபார்த்துப் பிடிக்கவே தடுமாறும். பார்க்க அழகான சிலந்தி வலை வடிவம்தான். அதற்கு விலை கொடுப்பது பாம்பு. இதை வாங்காமல் இருந்தால் வளர்ப்பவர்கள் உருவாக்குவதும் குறையும்.

ஐந்தாவது படி: விற்பவரையும் பாம்பையும் பார்ப்பது

வளர்ப்பில் பிறந்த பாம்பைத்தான் வாங்க வேண்டும். விளம்பரத்தில் சி.பி. என்றால் வளர்ப்பில் பெருகியது. டபிள்யூ.சி. என்றால் காட்டில் பிடித்தது. இடையில் சி.எச். என்று ஒன்று வரும்: கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டில் பிடித்த தாயின் முட்டைகளைப் பொரிக்கவைத்து ஏற்றுமதி செய்யும் குட்டிகள். விலை குறைவாக இருக்கும், ஒட்டுண்ணிகளும் கூட வரலாம். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறது என்று காரில் போட்டுக்கொண்டு வரவும் முடியாது. எல்லா மலைப்பாம்புகளும் போவாக்களும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

விற்பவரிடம் பிறந்த தேதி, கடைசி ஐந்து உணவு, உயிருள்ள எலியா உறைந்த எலியா, இப்போதைய எடை ஆகியவற்றைக் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் இவற்றைக் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுவார், உங்களிடம் திருப்பிக் கேள்வியும் கேட்பார். எரிச்சல்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

பாம்பைக் கையில் வாங்குங்கள். உடம்பு உங்கள் கையை இறுக்கமாகப் பற்ற வேண்டும், ஈரத்துணி போலத் தொங்கக் கூடாது. நாக்கு அடிக்கடி வெளியே வர வேண்டும். மூக்குத் துளையில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, மூச்சில் சொடக்கும் ஒலி, தலையை வானத்தை நோக்கித் தூக்கி வைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாடைக்குக் கீழும் கண்ணைச் சுற்றியும் மிளகுத் தூள் போலக் கரும்புள்ளி ஊர்கிறதா என்று பாருங்கள், அதுதான் மைட் என்ற இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. வெள்ளைத் துணியில் கையைத் துடைத்தால் தெரிந்துவிடும். வயிற்றுச் செதிலைப் புரட்டிப் பாருங்கள், தீக்காயமோ பழுப்புக் கறையோ இருக்கக் கூடாது. அந்த மேசையில் உள்ள மற்றப் பாம்புகளையும் பார்க்க மறக்காதீர்கள். ஒன்றுக்கு நோய் என்றால் எல்லாவற்றுக்கும் இருக்கலாம்.

நோஞ்சானாக ஒன்று உங்களைப் பார்க்கும். பரிதாபத்தில் வாங்க மனம் வரும். வீட்டில் ஏற்கனவே ஒரு பாம்பு இருப்பவர் அதைச் செய்யக் கூடாது.

ஆறாவது படி: பாம்பு வருவதற்கு முன் தொட்டியை ஓடவிடுங்கள்

இரண்டு வாரம் போதும். சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம், இரண்டிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானி வைத்துக் காலை, மாலை குறித்துவையுங்கள். ஒளிவிடமும் இரண்டு பக்கத்திலும் வேண்டும். மூடியில் பூட்டு வேண்டும். பென்சில் பருமன் குட்டிக்கு வயர் போகும் துளையே போதும்.

ஏழாவது படி: தொண்ணூறு நாள் தனிமை

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

என் பால் பைதானை ஒரு கண்காட்சியில் வாங்கி, கார்ன் ஸ்நேக்குக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். வேறு தொட்டிதானே என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் அது தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தது. தண்ணீரின் அடியில் கரும்புள்ளிகள். அடுத்த வாரம் கார்ன் ஸ்நேக்கின் தாடைக்குக் கீழும் அதே புள்ளிகள். மைட் தொட்டியை விட்டு இறங்கி நடந்து போகும், நம் சட்டைக் கையிலும் ஏறிப் போகும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடித்து அடுத்த முட்டைக்கு வந்துவிடும். மருத்துவரின் மருந்து, தினமும் தாள் மாற்றுவது, மரத்துண்டு எல்லாவற்றையும் வீசுவது என்று இரண்டு தொட்டிகளையும் சுத்தமாக்க எனக்கு நாலு மாதம் ஆனது. ஒரு குற்றமும் செய்யாத என் பழைய பாம்பு அந்த நாலு மாதமும் அவதிப்பட்டது.

மைட் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதுவே சிறிய ஆபத்து. மலைப்பாம்புகளில் மூச்சு மண்டலத்தைத் தாக்கும் நிடோவைரஸ் அறிகுறி இல்லாமலே பல மாதம் இருக்கும். போவாக்களில் ஐ.பி.டி. என்ற வைரஸ் நோயைச் சில பாம்புகள் வருடக்கணக்கில் சுமந்துகொண்டே ஆரோக்கியமாகத் தெரியும், பக்கத்து மலைப்பாம்புக்குப் போனால் அது வேகமாகக் கொல்லும். கார்ன், கிங் வகைகளில் கிரிப்டோ என்ற இரைப்பை ஒட்டுண்ணி: தின்றதைக் கக்கும், வயிற்றுப் பகுதி வீங்கும், மெலியும். இதற்கு நம்பகமான மருந்து இல்லை, வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சும் அதன் முட்டைகளைக் கொல்லாது.

எனவே புதிய பாம்பு வேறு அறையில், முடிந்தால் வேறு மாடியில், தொண்ணூறு நாள். அடுக்குமாடி வீடு என்றால் கதவு மூடக்கூடிய படுக்கையறை, பழைய பாம்பு வரவேற்பறையில். தொட்டியில் அழகு எதுவும் வேண்டாம்: அடியில் வெள்ளைத் தாள், இரண்டு ஒளிவிடம், தண்ணீர்ப் பாத்திரம். வெள்ளைத் தாளில் மைட்டும் மலமும் சளியும் உடனே தெரியும். இடுக்கி, பாத்திரம், துணி, கொக்கி எல்லாமே அந்த அறைக்கென்று தனி. எப்போதும் பழைய பாம்பின் வேலையை முதலில் முடியுங்கள், பிறகு புதியது, பிறகு கை கழுவி உடை மாற்றுங்கள். அன்றைக்குத் திரும்பப் பழைய பாம்பிடம் போக வேண்டாம்.

முதல் ஏழு நாள் தொடவே வேண்டாம். பிறகு விற்பவர் கொடுத்த அதே வகை, அதே அளவு எலி. உடம்பின் மிகப் பருமனான இடத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கட்டும். மூன்று தடவை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகுதான் கையில் எடுப்பது. இரண்டாவது வாரத்துக்குள் மலத்தை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள். மலைப்பாம்பு என்றால் வாயில் பஞ்சு தடவி எடுக்கும் நிடோவைரஸ் சோதனை, போவா என்றால் ஐ.பி.டி.க்கு இரத்தச் சோதனை. சில பாம்புகளுக்குச் சோதனைச் செலவு பாம்பின் விலையைத் தாண்டும். செலவு பாம்பின் விலைக்கு இல்லை, வீட்டில் ஏற்கனவே இருக்கும் பாம்பின் உயிருக்கு. இடையில் ஒரு நோய் அறிகுறி வந்தால் தொண்ணூறு நாளை அது தீர்ந்த நாளில் இருந்து மறுபடி எண்ணுங்கள்.

எட்டாவது படி: ஒரே அறை, தனித்தனி தொட்டி

தொண்ணூறு நாள் முடிந்ததும் ஒரே அறைக்குக் கொண்டுவரலாம், ஒரே தொட்டிக்கு ஒருபோதும் வேண்டாம். துணை வேண்டாமா, தனியாக இருக்கிறதே என்று உறவினர்கள் கேட்பார்கள். நாம் வளர்க்கும் இந்த இனங்கள் தனித்தே வாழ்பவை. இரண்டு பாம்பு ஒரே ஒளிவிடத்தில் சுருண்டு கிடந்தால் அது பாசம் என்று தோன்றும். அங்கே நல்ல இடம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டும் அதற்குப் போட்டியிடுகின்றன. யார் கக்கியது, யாருக்குப் பேதி என்று தெரியாது. இரண்டும் ஒரே எலியின் இரண்டு முனையைப் பிடித்தால் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். கிங்ஸ்நேக் என்றால் அதற்கு எலியே தேவையில்லை.

உணவு நாட்களை வேறு வேறாக வையுங்கள். எனக்கு ஞாயிறு கார்ன், புதன் பைதான். நோட்டும் தனித்தனி.

ஊருக்குப் போகும் நாட்களுக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். போன கோடையில் நாங்கள் ஐந்து வாரம் யாழ்ப்பாணம் போனபோது சித்தியின் மகன் வந்து பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஒரே ஒரு பாம்பு என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இரண்டு என்பதால் ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டினேன்: இனம், இருக்க வேண்டிய இரண்டு வெப்பநிலை, உணவு நாள், எலியின் அளவு, மருத்துவரின் எண். பைதானின் தாளில் கீழே சிவப்பில் இன்னொரு வரியும் எழுதினேன். "சாப்பிடாவிட்டால் விட்டுவிடு தம்பி, எலியை வெளியே வீசு, அடுத்த புதன்கிழமை பார்க்கலாம்."